வெற்றுத்தாளில் கையெழுத்து

ஐயா, அமெரிக்க நீதிமன்றங்கள் பற்றிய கட்டுரையில் ஒன்று விட்டுப்போச்சு. அங்கே மத்திய அரசு தொடுக்கும் குற்ற வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் நூற்றுக்கு 97 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அரசுத் தரப்போடு பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ‘மேல்முறையீடு செய்யமாட்டேன்’ என்றும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பல வழக்குகளில் தண்டனை எவ்வளவு என்பதே தெரியவரும். உதாரணத்துக்கு, இரண்டு குற்றம், தலா 5 வருடம். இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவித்தால் 5, ஒன்றன்பின் ஒன்றாக என்று நீதிபதி சொல்லிவிட்டால் 10. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்! 2019-இல் ஐடஹோ மாநில வழக்கு ஒன்றில், எழுதிக் கொடுத்திருந்தாலும் கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் மேல்முறையீட்டு மனு போட்டே ஆகவேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, போட்டாச்சு. எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் கையெழுத்தைத்தானே?

— ஒரு வாசகர், திருச்சி