வக்கீலிடம் வரும் கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து இழப்பீட்டு வழக்குக்காகப் பெங்களூரு மேயோ ஹால் நீதிமன்ற வாசலில் நிற்கும் தமிழர்களில், கட்டட வேலைக்காகக் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வந்தவர்களும் உண்டு. கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர்கள், வக்கீல் நீட்டும் தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். வெற்று செக்கிலும்தான். எங்கள் தெருவில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண், பாஸ்புக்கில் வரவு பதியப் போனபோதுதான் இழப்பீடு வந்ததையே அறிந்தார். அதற்குள் பெரும்பகுதி எடுக்கப்பட்டிருந்தது.

உத்தரப் பிரதேசத்தில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவரின் நில இழப்பீடு 8,118 ரூபாயை 1987-இல் அவருடைய வக்கீலே எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, சமாதானமாகிவிட்டது என்று பொய்ப் பிரமாணப் பத்திரம் வேறு. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 3 ஆண்டு தடையோடு விட்டது. அது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அவர் பெயரையே வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கியது.

சரி, பெயர் போனது. பணம்? 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் கண்டிக்கலாம், தடை விதிக்கலாம், பெயரை நீக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்ல அதில் இடமில்லை. அதற்கு வேறு வழக்கு, வேறு வக்கீல். நுகர்வோர் மன்றத்துக்கும் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் மீதான புகாரைப் பார் கவுன்சில் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தும், 2021-இல் நீதிமன்றம் அதை மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது.

ஆகவே பணம் போன பிறகு தண்டிப்பதைவிட, போகாமல் காப்பதே முக்கியம். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், பணம் வந்ததும் சொல்ல வேண்டும், இழப்பீட்டில் பங்கு பேசக் கூடாது என்றெல்லாம் பார் கவுன்சில் விதிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வக்கீல்கள் கட்சிக்காரர் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைத்தாக வேண்டும். ஏமாந்தவருக்கு ஈடுகட்ட ஒரு நிதியும் உண்டு. நேர்மையாகத் தொழில் செய்யும் வக்கீல்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இதனால் என்ன நஷ்டம்?

இழப்பீட்டைப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தச் சொல்லி 2025-இல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது நல்லது. வெற்று செக்கில் கையெழுத்து வாங்கினால் அதுவும் வீண். டெல்லியில் இத்தகைய கணக்குகளுக்கு நீதிமன்ற அனுமதியில்லாமல் செக் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ கொடுக்கக் கூடாது என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் தங்கள் உத்தரவில் எழுதுகின்றன. பெங்களூரிலும் எழுத வேண்டும். கர்நாடக பார் கவுன்சில் தனிக் கணக்கையும் ஆண்டுத் தணிக்கையையும் கட்டாயமாக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை, வழக்கு நடத்தும் நம் மக்கள் வெற்று செக்கில் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் பணத்துக்கு வக்கீல் வைத்திருக்கும் கணக்கின் நகலை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். விதிப்படி அவர் தந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு