கடலூர் மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கு: தரைக்குக் கீழேயும் படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தென்பெண்ணை, கெடிலம் கரையோர ஊர்களில் போர் போடுவது என் தொழில். நீர் சுழற்சிப் பாடத்துக்கு நீங்கள் கரும்பலகையில் போடும் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். கடல், சூரியன், ஆவி, மேகம், முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் இறங்கும் ஆறு, மறுபடி கடல். படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேப்பர் மலையை விட்டால் மலை என்று காட்ட ஒன்றுமில்லாத கடலூர்ப் பிள்ளைகளுக்கு அது வேறு யாரோ ஊர்ச் சமாசாரம். அவர்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் வழி அதில் கிடையாது. தரைக்கோட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தைத் தீட்டிவிட்டு மணி அடித்ததும் போய்விடுகிறோம்.

மேலே நடப்பதை நீங்களே நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள். வங்கக்கடல் ஆவி உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறது, சராசரியாக ஒன்பது பத்து நாள் வானத்தில் இருக்கிறது, அப்புறம் கொட்டுகிறது. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான். சரி, விழுந்த பிறகு?

கை போர் இறக்கும்போது வெளியே வரும் சேற்றைப் பார்த்துத்தான் எங்கள் வேலை நடக்கும். ஆற்றோரத்தில் முதலில் வண்டல், அப்புறம் பொடி மணல், அடுத்து கருங்களி. களியில் குழாய் நகரவே நகராது. சில இடத்தில் அதற்கே அரைநாள் போய்விடும். அதைத் தாண்டிப் பருமணல் வந்தால்தான் மூச்சு வரும். வந்த மண்ணை உள்ளங்கையில் வாங்கி அலசுவோம். கலங்காமல் மணிமணியாக நின்றால் அந்த ஆழத்தில் ஃபில்டர் குழாய் (தண்ணீரை உள்ளே விட்டு மணலைத் தடுக்கும் துளைக் குழாய்) வைக்கலாம். பூமிக்கடியில் ஆறு ஓடுவதாகவே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மணலுக்கு நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர் நிற்கிறது, கடலைப் பார்த்து மிக மெதுவாக நகர்கிறது, அவ்வளவுதான்.

நம் வாசலில் பெய்யும் மழை களியைத் துளைத்து ஆழத்துக்குச் சுலபமாக இறங்காது. ஆழத்து மணல் அடுக்கு மேற்கே பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம், முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் மேட்டில் தரைக்கு வருகிறது. மழை அங்கே நுழைந்து சாய்வாக இறங்கி வர வேண்டும். அதற்கு எத்தனையோ தலைமுறை ஆகும். அந்தப் பாறைக்குப் புவியியலாளர்கள் 'கடலூர் மணற்பாறை' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாடத்தில் இது ஏன் ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடும் என்றுதான் இரவு பகலாக இறைக்கிறார்கள். சுரங்கத் தண்ணீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்குப் போகிறது. இதற்கும் ஒரு அம்புக்குறி வேண்டும். குடகில் பெய்த மழை கொள்ளிடம், வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து, 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறதே, அதற்கு இன்னொன்று.

முக்கியமானது கடலோரக் கதை. கடல்நீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. அதனால் மணலுக்குள் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டு சொன்ன தோராயக் கணக்கு இது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாளடைவில் 40 அடி ஏறும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் தண்ணீர் இல்லை என்பது பேச்சே இல்லை. கரிக்காத தண்ணீர் எத்தனை அடி வரைக்கும் என்பதுதான் பேச்சு. கூடுதல் ஆழம் போனால் கூடுதல் நல்ல தண்ணீர் என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவரும் உங்களில் யாரிடமோ படித்தவர்தான்!

2024இல் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அடுத்த நாளே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. அத்தனையும் மண்ணுக்குள் போயிருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். மண் குடிக்கிற வேகம் ஒன்று உண்டு. அதற்கு மேல் வந்தது கடலுக்குத்தான். ஏரியில் நாள்கணக்கில் நின்றால்தான் இறங்கும்.

ஆகவே, பலகையின் கீழ்ப்பாதியை இதற்கு விடுங்கள். தை மாதம் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை பக்கத்துக் கிணற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கல் கட்டிய கயிற்றை விட்டு அளக்கச் சொல்லுங்கள். எங்கே போர் வேலை நடந்தாலும் நாலைந்து பையோடு போய்க் கேளுங்கள். ஆழவாரியாக மண் எடுத்துத் தருவார்கள். கண்ணாடிக் குடுவையில் அதே வரிசையில் அடுக்கித் தண்ணீர் ஊற்றினால் எது விடும், எது தடுக்கும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். களியை மட்டும் ஓரமெல்லாம் நன்றாக அமுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியை ஒட்டிக் கசிந்து சோதனை கெட்டுவிடும்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு போர்க்காரர்