இரண்டாம் சரணம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நானும் சின்னத்தையும் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு உன் குரலை நான் கேட்டதே உன் பாட்டில்தான். போன் பண்ணினால் ‘ரிகார்டிங்கில் இருக்கிறேன்ம்மா’ என்கிறாய், நானும் சரி என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

பாட்டை டிவியில் போட்டுக் கேட்டோம். ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் ஒற்றைக் கம்பியில் போகும்போது என்ன பாட்டென்று எனக்குப் பிடிபடவில்லை. நீ ‘சீர் இயேசு நாதனுக்கு’ என்று எடுத்ததும்தான் தெரிந்தது. மங்களத்தை இவ்வளவு நிதானமாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. நம் கோயிலில் கல்யாணம் முடிந்து, போதகர் ஐயர் புஸ்தகத்தை மூடுவதற்குள் பாடி முடித்துவிடுவார்கள். பந்திக்குப் போகிற அவசரம். நேசனுக்கு, பாலனுக்கு, குணாலனுக்கு என்று சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடும். நீ ஒவ்வொன்றையும் நிறுத்திப் பாடினாய். ‘ஓதும் அனுகூலனுக்கு’ என்ற இடத்தில் பின்னால் தவில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுகிறதே, அங்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் பாடியும் அந்தச் சொல்லை நான் நின்று கேட்டதில்லை. பெருமையாக இருந்தது தம்பி.

ஆனால் இரண்டாம் சரணம் எங்கே? முதலாவது முடிந்ததும் நேராக ‘பத்து லட்சணத்தனுக்கு’ என்று போய்விட்டாய். நேரம் போதவில்லையா? நடுவில் கிட்டார் மட்டும் அவ்வளவு நேரம் வாசிக்க இடம் இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கமிட்டியில் ஒருவர், ‘சாஸ்திரியார் பாட்டை உங்க மகன் சினிமாப் பாட்டு ஆக்கிட்டானே’ என்றார். சும்மா விடவில்லை நான். இந்த மங்களத்தை எழுதின வேதநாயக சாஸ்திரியார் என்ன செய்தார் என்று அவரைக் கேட்டேன். குற்றாலநாதருக்குக் குறவஞ்சி பாடிய ஊர்ப்பக்கம் பிறந்தவர் அவர், 1774இல், நம் திருநெல்வேலியில். அந்தக் குறவஞ்சியை எடுத்துத்தானே பெத்லகேம் குறவஞ்சி பாடினார்? குறத்தி வந்து குறி சொல்லுகிற ஆட்டத்தில் இயேசுவை வைத்துப் பாட அவருக்குத் துணிச்சல் இருந்தது. நொண்டி நாடகம் என்கிற கூத்து வகையையும் விடவில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? 1820களில் தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் இந்தப் பாட்டெல்லாம் கூடாது என்றார்கள். சரபோஜி ராஜாவோடு ஒன்றாகப் படித்த மனுஷர், தன் பாட்டுக்காகத் தன் சபையோடேயே வாதாட வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில் சாதி வழக்கத்தையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தாரே, அதில் நான் அவர் பக்கம் இல்லை. அதை அன்றைக்குக் கமிட்டிக்காரரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம்தான். அன்றைக்கு வேண்டாமென்றதைத்தான் இன்றைக்குக் கோயிலில் தொடாதே தொடாதே என்கிறார்கள்.

அப்பா இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு ஐயா பறையை வைத்து ஆராதனைப் பாட்டு நடத்தியபோது அப்பா பாதியில் எழுந்து வெளியே போனது உனக்குத் தெரியும். அவரைத்தான் பரட்டை அண்ணன் என்பார்கள், அந்தக் காலத்தில் பையன்களுக்கு உயிர். பேசுகிற தமிழிலேயே பாட்டு எழுதி, கிராமத்து மெட்டிலேயே முழு ஆராதனை முறையும் அமைத்தவர். ஏழை வீட்டுச் சனம் தன் குரலில் சாமி கும்பிட வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி. 2005இல் அவர் காலமானபோது அப்பாவே பேப்பரை எடுத்து வைத்திருந்தார். நான் பார்த்தேன், கேட்கவில்லை. உன் தவிலைக் கேட்டிருந்தால் அப்பா எழுந்து போயிருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ எப்போதோ அனுப்பினாயே, அமெரிக்காவின் கறுப்பினப் பாடகி ரோசெட்டா தார்ப் அம்மா, இங்கிலாந்தில் மான்செஸ்டரில், 1964இல், மூடிப்போன ரயில் ஸ்டேஷனில் பாடினது. அதை இன்னும் பார்க்கிறேன். எதிர் பிளாட்பாரத்தில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, மழை பெய்து ஓய்ந்த ஈரம், அந்த அம்மா நல்ல கோட்டும் குதிகால் செருப்புமாக நடந்து வந்து, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நோவா காலத்து மழையைப் பாடுகிறார். 1938இல் அவர் நியூயார்க்கில் நைட் கிளப்பில் பாடப் போனபோது சபையார் எவ்வளவு கோபித்தார்கள் என்று நீதான் சொன்னாய். தாமஸ் டார்சியையும் நீதான் சொன்னாய். ப்ளூஸ் பியானோக்காரர், கோயிலுக்குள் அந்த வாசிப்பைக் கொண்டுவந்ததற்கு எத்தனை சபைகள் கதவைச் சாத்தின. 1932இல் மனைவியும் பிறந்த பிள்ளையும் அடுத்தடுத்துப் போய்விட, அந்தத் துக்கத்தில் கர்த்தரின் கையைக் கேட்டு அவர் எழுதின பாட்டை உலகமே பாடுகிறது. இவர்களையெல்லாம் எனக்கு அறிமுகப்படுத்தினதே நீதான். அதனால் ஊரார் சொல்வது என்னை அசைக்காது.

ஒன்று மட்டும் கவனித்தேன். தார்ப் அம்மா கிட்டாரை எப்படி வாசித்தாலும், யாரைப் பாடுகிறோம் என்பதை மறைக்கவில்லை. டார்சியும் மறைக்கவில்லை. நீ விட்ட சரணத்தில்தான் ‘கன்னிமரி சேயனுக்கு’ வருகிறது. ‘கூறு பெத்தலேயனுக்கு’ வருகிறது. பல்லவியில் இயேசு பேர் இருக்கிறது, சரிதான். ஆனால் மனுவேலன் என்ற ஒரு சொல்லை விட்டால் மற்ற இரண்டு சரணத்தையும் யார் வேண்டுமானாலும் தங்கள் சாமியை நினைத்துப் பாடலாம், ஆதி, ஈசன், சுத்தன் என்று. அதில் தப்பில்லை, கேட்கிறவர்கள் பலவிதம் என்று நீ சொல்வாய். சரி. நடுச் சரணத்தில் மாட்டுக்கொட்டிலில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கிறது. அதைத்தான் எடுத்துவிட்டாய்.

பெரிய மாமாவும் முதலில் இப்படித்தான் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்றும் நான் கேட்கவில்லை. ராத்திரி வெகுநேரம் முழித்து வேலை செய்கிறவன், காலையில் தூங்கினால் தூங்கட்டும் என்றுதான் சின்னத்தையிடமும் சொன்னேன்.

இன்னொன்று. பாட்டின் கீழே ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டிருக்கிறது. கீர்த்தனைப் புஸ்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இராகம், தாளம் அச்சாகியிருக்கும், அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதினவர் பேரும் ஊருக்கே தெரியும். கிட்டத்தட்டத் தொண்ணூறு வயது வாழ்ந்து, 1864இல் தஞ்சாவூரிலேயே கண்ணை மூடின மனுஷர். பேரில்லாத சொத்து இல்லை அது. மாற்ற முடியுமானால் மாற்று. உன் பேர், கிட்டார்க்காரப் பையன் பேர், தவில்காரர் பேர் எல்லாம் இருக்கிறது, அவர் பேரும் இருக்கட்டும். தவில்காரருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தாயா?

அடுத்து எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் பாட்டை எடுக்கப் போகிறாய் என்று உன் சித்தி சொன்னாள். ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்றால் ரொம்பச் சந்தோஷம். கரையிருப்பு வைணவர், தமிழ் வாத்தியார், 1858இல் ஞானஸ்நானம் வாங்கினவர். அந்தப் பாட்டில் சொல் கனம். வாய்க்குள் முழுங்காதே. முழுசாகப் பாடு. எத்தனை நிமிஷம் ஆனாலும் முழுசாகப் பாடு தம்பி, சரணத்தை விடாதே. அதில் ஒவ்வொரு சரணமும் முடியும்போது ‘உனையல்லால் எனக்கு யார் துணை’ என்று வரும். அந்த இடத்தில் யாரைக் கேட்கிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கும் சொல்ல வேண்டாம்.

தாத்தா ஆர்மோனியத்தை நீ கேட்டது நினைவிருக்கிறது. துருத்தித் தோலில் கிழிசல் விழுந்து காற்று நிற்கவில்லை, கீழே ஒரு ரீட் அமுக்கினால் எழும்பவே இல்லை. டவுனில் இருந்து ஆள் வந்து பார்த்து, தோல் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். மாற்றச் சொல்லிவிட்டேன். உபதேசியார் வாசித்த பெட்டி, உனக்குத்தான். ஆனால் பார்சலில் அனுப்ப மாட்டேன், நீயே வந்து எடுத்துப் போ. கோயில் அசன விருந்துக்கு வந்தால் நல்லது, அப்போது முடியாவிட்டால் வேறு எப்போது வேண்டுமானாலும் வா. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடு, பெட்டியை மேலே ஏற்ற முடியாது. வருகிற தேதியைச் சித்தியிடம் சொல்லாதே, எனக்கே போன் பண்ணு.

இப்படிக்கு,
அம்மா