அப்போலோ 1 கதவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வைத்தியத்தை நடுவில் விட்டுவிடாதே.

ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்துக்கு மகன் கூட்டிப்போனான். அங்கே படுக்கவைத்திருக்கும் சாட்டர்ன் 5 ராக்கெட்டைவிட, நிலவுக்கு ஆளனுப்பும் திட்டத்துக்கான அப்போலோ 1 விண்கலத்தின் கதவுதான் என்னை நிறுத்திவிட்டது. உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

1967 ஜனவரி 27 அன்று ஏவுதளம் 34இல் ஒத்திகை. ராக்கெட்டில் எரிபொருள்கூட இல்லை. கலத்துக்குள் விண்வெளி வீரர்கள் கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி. உள்ளே நிரப்பியிருந்தது சுத்தமான ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில். தீப்பிடித்தது.

கதவு மூன்று அடுக்கு. உள்ளடுக்கு உள்பக்கமாகத்தான் திறக்கும். பாய்லர் மேன்ஹோல் கதவை உள்ளிருக்கும் அழுத்தமே இறுக்கிப் பிடிக்கும் என்பாயே, அதே கணக்கு. விண்வெளியில் அது பாதுகாப்பு. தீயில் அழுத்தம் ஏறியதும் எந்த மனிதனாலும் இழுக்க முடியாத கதவாகிவிட்டது. எல்லாம் சரியாக நடந்தாலே திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. வெளியிலிருந்தவர்கள் புகையில் மூச்சுத்திணறியபடி மூன்றையும் திறக்கச் சுமார் 5 நிமிடம் ஆனது.

கிரிஸத்தை நினைத்தால் மனசு ஆறவில்லை. 1961இல் அவர் கடலில் வந்திறங்கிய கலத்தின் கதவு எதிர்பாராமல் வெடித்துத் திறந்து, கலம் மூழ்கி, அவரும் மூழ்கும் நிலைக்குப் போனார். தான் அதைத் திறக்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார்.

இந்தக் கதவு 50 வருடம் பொதுமக்கள் கண்ணில் படாமல் இருந்தது. 2017இல், அதே ஜனவரி 27 அன்றுதான் காட்சிக்கு வைத்தார்கள். மூவர் உயிர் போன பொருளைக் காட்டலாமா என்று மருமகள் கேட்டாள். இன்னும் முன்பே காட்டியிருக்க வேண்டும் என்பேன். பக்கத்திலேயே மாற்றியமைத்த கதவும் இருக்கிறது: ஒரே துண்டு, வெளிப்பக்கமாகச் சில நொடிகளில் திறக்கும். அதற்குப் பிறகு அப்போலோவில் போன எல்லோரும் அந்த மாதிரிக் கதவு வழியாகத்தான் ஏறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மூவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் தெரியும்.

அப்புறம் ஒன்று. பாய்லருக்குள் ஆள் இறங்கினால் வெளியே ஒருவர் காவல் நிற்பார் என்று சொல்வாயே, உங்கள் இடத்தில் அந்த வழக்கம் எப்போது வந்தது? என்ன நடந்த பிறகு? விவரமாக எழுது.

அன்புடன்,
ராமநாதன்