மரத்தடிச் சீட்டாட்டத்துக்குமா வழக்கு?

ஆசிரியருக்கு,

'பணம் வைத்துச் சீட்டாடிய 6 பேர் கைது. 52 சீட்டுகள் பறிமுதல்.' பொங்கல், தீபாவளி முடிந்த கையோடு உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும் செய்தி இது. இந்தப் பொங்கலுக்குப் பிடிபட்ட ஆறு பேரில் என் பெரியப்பாவும் ஒருவர். வயது 68. கண்மாய்க்கரை ஆலமரத்தடியில், ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் வைத்து 'உள்ளே வெளியே' ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னத் திருத்தம்: அந்தக் கட்டில் இருந்தது 51 சீட்டுதான். டைமன் ஆறு போன வருஷமே தொலைந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் பேனாவால் எழுதிச் செருகியிருந்தோம். அது வரும்போது எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

அபராதம் சில நூறு ரூபாயோடு முடிந்தது. ஆனால் மூன்று வாய்தா, வக்கீல் செலவு, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் போன பகல்கள் எல்லாம் தனி. அப்புறம் டீக்கடையில், "பெரியவர் மேல கேஸ் இருக்காம்ல" என்ற பேச்சு. அதிலிருந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

வழக்குப் போட்டது 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் 12ஆம் பிரிவில்; தெருவிலும் பொது இடத்திலும் சூதாடுவதைத் தண்டிக்கும் பிரிவு அது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சென்னை நகரத்துக்கு இது கிடையாது, அங்கே 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு 11ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சரி, அந்த விலக்கு எதற்கு? சூதாட்ட விடுதிகளைப் பற்றிய 5 முதல் 10 வரையுள்ள பிரிவுகளுக்கு மட்டும். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. குதிரைப் பந்தயமும் அப்படித்தான் என்று 1996இல் சொன்னது. கிண்டியில் குதிரை மேல் பணம் கட்டியவர் தப்பித்தார். தெருவோரம் உட்கார்ந்தவருக்கோ, சட்டத்தின் எழுத்துப்படி, ரம்மியே ஆடினாலும் அந்த விலக்கு எட்டாது.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியதையும், 2025இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததையும் வரவேற்றவன் நான். ரம்மி ஆப்பில் கடன்பட்டு உயிரைவிட்டவர்களின் செய்திகளை நானும் படித்தவன்தான். சூதாட்ட விடுதி நடத்துகிறவர்களுக்கான பிரிவுகளையும் தொட வேண்டாம். நான் கேட்பது 12ஆம் பிரிவில் ஒரு பகுதியை மட்டும். யாரும் கமிஷன் பிடிக்காமல், தெரிந்தவர்கள் தங்களுக்குள் சின்னத் தொகைக்கு ஆடும் ஆட்டம் குற்றமாகாது என்று ஆக்க வேண்டும். சட்டத்துக்குக் கறாரான ஊர் சிங்கப்பூர். அங்கேயே 2022இல் புதுச் சட்டம் போட்டபோது, குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் ஆடுவதை அனுமதித்துவிட்டார்கள்.

அரசு கொண்டுவராவிட்டால் எந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினரும் இதைத் தனிநபர் மசோதாவாகத் தாக்கல் செய்யலாம். எழுதினால் அரைப் பக்கம் வரும்.

– வாசகர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்