கிரிப் கோக்கை விட்டுவிடுங்கள்: பிரிட்டனின் தமிழ் நடைக்குழு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

வெயில் காலம் தொடங்கியதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிடும். மலை முகட்டில் கைகளை விரித்து நிற்கும் ஒருவர், கீழே நீல ஏரி, 'ஸ்னோடன் ஹார்ஸ்ஷூ, குடும்பத்தோடு வாருங்கள்' என்று ஓர் அழைப்பு. வேல்ஸில் ஸ்னோடன் மலையைச் சுற்றி லாட வடிவில் வளையும் முகட்டுப் பாதைதான் அது. அந்த 'குடும்பத்தோடு' என்ற சொல்லுக்காகத்தான் இந்த மடல். சங்கத்தின் பெயரில் ஆட்களைக் கூட்டிப் போகும் நடைகளில், அந்தச் சுற்றில் முதலில் வரும் கிரிப் கோக் என்ற ஒடுங்கிய பாறை முகட்டைச் சேர்க்காதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போகாதவர்களுக்காக முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். பென்-எ-பாஸ் கார் நிறுத்தம் 359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிக் டிராக் என்ற நடைபாதையில் ஏறி, கிரிப் கோக் (923 மீட்டர்), கார்னெத் இகைன் (1,065), ஸ்னோடன் என்று நாம் சொல்லிப் பழகிய எர் வித்வா (1,085), கடைசியாக லிவெத் (898) என்று நான்கு சிகரங்களையும் முகடு வழியாகவே சுற்றி, லின் லிடாவ் ஏரிக்கரையில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். தூரம் சுமார் 12 கிலோமீட்டர். போஸ்டரில் அந்த எண்ணைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா, பூங்காவில் நடப்பதுதானே' என்று தோன்றும். ஆனால் நல்ல உடல் பழக்கம் உள்ளவர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பழக்கமில்லாத பெரிய கூட்டம் என்றால் பொழுது முழுக்கப் போய்விடும்.

அந்த நான்கில் கிரிப் கோக் மட்டும் வேறு வகை. அங்கே நடப்பதில்லை, கையும் காலுமாக ஏறுகிறோம். புல்க் எ மோக் என்ற கணவாயில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பிக் டிராக், நேரே மேலே கிரிப் கோக். பிரிகிற இடத்தில் வழிகாட்டிப் பலகை இருந்தும், முன்னால் போகிறவர்கள் பின்னாலேயே மேலே ஏறிவிடுகிறவர்கள் உண்டு. மேலே போனால் சில இடங்களில் முகட்டின் அகலம் ஓரடி இரண்டடிதான். வலப்பக்கம், லான்பெரிஸ் கணவாய் இருக்கும் வடக்குப் பக்கம், செங்குத்தாக விழுகிறது. பெரும்பாலானோர் முகட்டின் உச்சியைக் கைப்பிடிச் சுவர்போலப் பிடித்துக்கொண்டு, கால்களைத் தெற்குச் சரிவில் வைத்து நகர்வார்கள். முகடு முடியும் இடத்தில் மூன்று பாறைக் கூம்புகள். அவற்றைச் சுற்றியும் ஏறியும் போக வேண்டும். பாதியில் பயம் வந்தால், முன்னால் போவதும் கஷ்டம், திரும்புவது அதைவிடக் கஷ்டம். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால்தான் அனுபவமுள்ளவர்கள் இந்த முகட்டை முதலிலேயே, காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடந்துவிடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு குழுவோடு போனபோது (எந்தக் குழு என்று இங்கே தேவையில்லை) எனக்கு முன்னால் போன ஒரு அக்கா, முகட்டின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலில் ஜாகிங் போகிற ஷூ, அடிப்பாகம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. முன்னாலிருந்து அமைப்பாளர், "ஒண்ணுமில்லக்கா, கீழ பாக்காம வாங்க" என்று சத்தம் போட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கீழே பார்க்காமல் அங்கே காலை எங்கே வைப்பது? பின்னால் வந்த முன்பின் தெரியாத ஓர் ஏறுநர் அவருக்குக் கீழ்ப்பக்கமாக வந்து நின்று, ஒவ்வொரு காலாகப் பிடித்து எடுத்து வைத்து அழைத்துப் போனார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த அக்காவிடம் கேட்டேன், "கீழேயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" அவர் சொன்னார்: "தம்பி அவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணிருக்கு, நான் மட்டும் எப்படி வரலைன்னு சொல்றது?"

நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நம் கூட்டத்தில் யாரும் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஏற்பாடு செய்தவர் மனம் கோணக் கூடாது, பிள்ளைகள் முன் பயந்தாங்கொள்ளி ஆகக் கூடாது, வேன் காசு கொடுத்தாயிற்று. இத்தனையும் சேர்ந்து ஒருவரை, அவர் தானாக ஒருபோதும் தேர்ந்தெடுக்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தன் விருப்பத்தில் நாலு பேராகப் போகிறவர்களுக்கு கிரிப் கோக் அருமையான இடம். அவர்களைத் தடுக்க எனக்கு எண்ணமே இல்லை. நாற்பது பேரை அழைக்கும் சங்கத்துக்கு அது ஏற்ற இடமில்லை.

இன்னொன்று தூக்கம். இரவு பதினொரு மணிக்கு ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வேன் ஏறி, விடிய விடிய வந்து, கண் எரிய எரிய ஏறத் தொடங்குகிறோம். மாலையில் இறங்கியதும் அதே ஓட்டுநர்தான் திரும்ப ஓட்டுகிறார். முகட்டைவிட அந்தத் திரும்பும் பயணம்தான் எனக்கு அதிகப் பயம். தயவுசெய்து ஓர் இரவு தங்கும்படி திட்டம் போடுங்கள். செலவு கூடும், வருபவர்கள் குறைவார்கள். குறையட்டும்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் கிரிப் கோக்கில் 4,000-க்கும் மேல். பிரிட்டனிலேயே மிக அதிகமாக நனையும் இடங்களில் அதுவும் ஒன்று. காற்று பலமாக இருந்தாலும் பாறை ஈரமாக இருந்தாலும் பழகியவர்களே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாதம் முன்பே தேதி குறித்து, பணம் வாங்கி, வேன் பேசிய குழுவுக்குத் திரும்ப மனசு வருமா?

சரி, வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வட்டம் உடையாமலே கிரிப் கோக்கைத் தவிர்க்கலாம். புல்க் எ மோக்கில் இடப்பக்கம் திரும்பி பிக் டிராக்கிலேயே போனால் மேலே ரயில் பாதையருகே, நட்டுவைத்த ஒரு கல்லிடம் வந்து சேருவோம். அங்கிருந்து வலப்பக்கம் சற்று ஏறினால் கார்னெத் இகைன். அதே வழியில் திரும்பி வந்து எர் வித்வா உச்சி. உச்சியில் எல்லோரும் கூடி, தலை எண்ணி, மனசாரக் கேளுங்கள்: தொடர விருப்பமா, இல்லை வந்த வழியே இறங்கலாமா? இறங்க விரும்புகிறவர்களோடு ஒரு வழிகாட்டி கட்டாயம் போக வேண்டும். 1896 முதல் ஓடும் அந்த மலை ரயிலை நம்பி யாரையும் ஏற்றாதீர்கள், இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

தொடர்பவர்கள் வாட்கின் பாதையில் இறங்கலாம். அதன் மேல்பகுதி சரளைச் சரிவு, ஒருவர் மிதித்த கல் கீழே போகிறவர் மேல் உருளும். இடைவெளி விடாமல் ஒட்டியும், கீழே போகிறவர் மேல் கல் விழாதபடி குறுக்காகவும் நடத்துங்கள். சரிவுக்குக் கீழே வரும் கணவாயைத் தாண்டியதும் கவனம் தேவை: வாட்கின் பாதை வலப்பக்கம் நான்ட் குவினான்ட் பள்ளத்தாக்குக்குப் போய்விடும், வேன் நிற்பது மலையின் மறுபக்கம். லிவெத்துக்குப் பாதையை விட்டு மேலே ஏற வேண்டும். அங்கேயும் கை வைத்து ஏறும் இடங்கள் உண்டு, ஆனால் செங்குத்துப் பாறையை ஒட்டிப் போகாமல் உள்ளே தள்ளி நடக்க இடம் இருக்கிறது. மூன்று சிகரம், முழு நாள், முழு வட்டம். இதில் என்ன குறை?

குழந்தைகளும் வயதானவர்களும் மைனர்ஸ் டிராக்கில் லின் லிடாவ் வரை போகட்டும். தாமிரச் சுரங்கத்துக்காகப் போட்ட அகலமான பாதை அது. ஏரியைக் கடக்கும் கல் அணைப்பாதையில் நின்றால் முழு லாடமும் தலைக்கு மேல் தெரியும். புளியோதரையை அங்கேயே பிரிக்கலாம்.

ஏதாவது ஆகிவிட்டால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். இதை வேனிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் லான்பெரிஸ் மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, நம்மிடம் காசும் கேட்க மாட்டார்கள், ஞாயிறு மதியச் சாப்பாட்டை விட்டு எழுந்து வருகிறவர்கள்.

இந்த ஆண்டுப் போஸ்டர்கள் இன்னும் அச்சாகவில்லை என்று நினைக்கிறேன். அதில் எந்தப் பாதை, எத்தனை மணி நேரம், எந்த ஷூ, எந்த இடத்தில் திரும்பலாம் என்று நாலு வரி சேருங்கள். கூட்டம் நடத்துகிறீர்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள், வரைபடத்தோடு வந்து மூன்று சிகரப் பாதையை விளக்குகிறேன். அமைப்பாளர்கள் முதலில் தாங்கள் மட்டும் போய்ப் பார்க்க விரும்பினால், கூட்டம் குறைவான ஒரு வார நாளில் உங்களோடு நடக்கவும் தயார்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் நடப்பவர்களில் ஒருத்தி