தண்ணீர் போகும் வழியைத் திறந்து தாருங்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வன்னியில், ஏ9 வீதிக்குக் கிழக்கே, ஒரு சிறுகுளத்தின் கீழ்ப்புறத்தில் குடியிருக்கும் இளைஞர்களும் குடும்பத்தினரும் இம்மடலை எழுதுகிறோம். எங்கள் இளைஞர் கழகமும் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் இரண்டு வாரங்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி, அடைபட்ட நீர்வழிகளை அளந்து திறந்து தருமாறு கேட்டு, ஆனி மாதத்தில் உங்களிடம் ஒரு மனுவைக் கையளித்தோம். அதற்குச் சென்ற வாரம் பதில் வந்தது. காலநிலை மாற்றம் தொடர்பான விடயங்கள் சபையின் அதிகார வரம்புக்குள் வராது என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. அந்த வரியை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கடந்தபோது எங்கள் ஊர் இருந்த நிலையை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உழவு இயந்திரத்தில் ஏறி நீங்களே வந்து பார்த்தீர்கள். சமைத்த உணவும் தந்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பின்னர் நடந்தவற்றைப் பார்க்க எவரும் வரவில்லை.

வீடுகளுக்குள் இடுப்பளவு நின்ற தண்ணீர் மூன்றாம் நாள் இறங்கியது. அதற்குள் மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் கட்டுயராத கிணறுகளுக்குள் சென்றுவிட்டது. வாளியை இறக்கினால் கறுத்து நாறிய தண்ணீரே மேலே வந்தது. கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவுறுத்தினார். அது சரியான அறிவுரைதான். ஆனால் ஊரில் இருந்த நீரிறைக்கும் இயந்திரங்கள் இரண்டில் ஒன்று வெள்ளத்தில் மூழ்கிப் பழுதாகியிருந்தது. நிலம் முழுவதும் ஊறிக் கிடந்ததால், ஒரு பகல் முழுக்க இறைத்த கிணற்றிலும் மறுநாள் காலையில் அதே தண்ணீர் ஊறி நின்றது. தண்ணீர் பவுசர் இரண்டு தடவைகள் வந்தது. மூன்றாம் தடவைக்காக ஒழுங்கை வாசலில் குடங்களை அடுக்கி வைத்துவிட்டு இருட்டும்வரை காத்திருந்தோம். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, வழுக்கும் வரப்பால் பாடசாலைக் குழாய்க்கிணறுவரை நடந்து, இரண்டு போத்தல்களில் தண்ணீர் சுமந்து, மூன்று வாரங்கள் தம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். போத்தல்களை வாங்கிச் சுமக்கப் போன எங்களில் ஒருவரிடம், போரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமை நினைத்து அவர் சொன்னது இது: “முகாமில கூட வரிசையில நிண்டாத் தண்ணி கிடைச்சது, பிள்ளை.”

அந்த வெள்ளத்துக்கு மழை மட்டும் காரணமாக இருக்கவில்லை. எங்கள் ஊர் வீதி கொங்கிறீற்று இடப்பட்டபோது இரண்டடி உயர்த்தப்பட்டது. மூன்று கண்களோடு இருந்த பழைய பாலம் உடைக்கப்பட்டு, அவ்விடத்தில் ஒற்றைக் குழாய் புதைக்கப்பட்டது. குளம் நிரம்பி வான் பாயும்போது மூன்று கண்களால் ஓடிய தண்ணீர் இப்போது ஒரு குழாயின் வாயில் முட்டி நிற்கிறது. அந்தக் குழாயிலும் பாதியைப் பொலித்தீனும் கிரவலும் அடைத்திருக்கின்றன. நீங்கள் போட்டுத் தந்த வீதி எங்கள் வீடுகளுக்குக் குறுக்கே ஓர் அணையாகிவிட்டது. வீதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வீதியைக் கேட்டவர்களும் நாங்கள்தான். அதற்கு அடியால் தண்ணீர் போக வழி கேட்கிறோம்.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால், காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். அது பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்யும். கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையை விட 1.5 பாகைக்கு மேல் உலகம் சூடாகப் பதிவான முதல் ஆண்டு 2024. நூல்களில் படித்த இந்தச் செய்தியை வன்னியில் நாங்கள் உடலால் அறிந்திருக்கிறோம். 2016, 2017 ஆம் ஆண்டுகளின் வறட்சியில் குளத்தின் அடிச்சேறு வெடித்துக் கிடந்ததைப் பார்த்த அதே பிள்ளைகள், 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் மூழ்கியதையும் பார்த்தார்கள். பழைய மழைக்கே போதாத ஒற்றைக் குழாய், இனி வரும் மழையை எப்படித் தாங்கும்?

சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களிடமும், காடு வனவளத் திணைக்களத்திடமும் இருப்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் குளத்தின் வானைத் தாண்டிய தண்ணீர் உங்கள் வீதியின் கீழாலும் உங்கள் வடிகானாலும்தான் ஓடியாக வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பொதுப் பாதைகளையும் உங்கள் கைகளிலேயே ஒப்படைத்திருக்கிறது. எங்கள் ஊருக்குள் காலநிலை மாற்றம் அடைபட்ட மதகாகவும், நாறிய கிணறாகவும், வராத பவுசராகவும் வந்து சேர்ந்தது. இவற்றுள் எது உங்கள் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத்தாருங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கையை மீண்டும் வைக்கிறோம். ஐப்பசிக்கு முன்னர், சபையின் எல்லைக்குள் இருக்கும் நீர்வழிகளை ஊரவர்களோடு நடந்து பார்த்து, அளந்து, வரைபடத்தில் குறித்து, அடைபட்டவற்றைத் திறந்து தாருங்கள்.

வரைபடத்தை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து 2010 ஆம் ஆண்டளவில் எங்கள் பெற்றோர் மீளக்குடியேறியபோது வாய்க்கால்கள் பற்றை மூடிக் கிடந்தன. கண்ணிவெடிப் பயத்தால் பல இடங்களில் கால் வைக்கவே முடியவில்லை. எந்தப் பள்ளத்தால் வெள்ளம் இறங்கும், எந்த மருதமரத்தடியில் கழிவு வாய்க்கால் திரும்பும் என்பதைத் தெரிந்து வைத்திருந்த பெரியவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. தெரியாமலே நீர்வழிகளில் வேலி அடைத்தோம், வீடும் கட்டினோம். அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. எங்கள் வேலி வழியில் நின்றால் அதை நாங்களே பிடுங்குகிறோம். ஆனால் இன்றும் நீர்வழியை மறித்து எழும் புதிய கட்டடங்களுக்கு அனுமதி கிடைத்துக்கொண்டிருப்பதை எங்களால் நிறுத்த முடியாது, உங்களால் முடியும்.

2023 மார்ச் முதல் 2025 வரை தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாமல் இருந்தோம். ஒரு மின்விளக்குக்கும் யாரிடம் போவதென்று தெரியாமல் அலைந்த காலம் அது. அதனால்தான் 2025 மே மாதத்தில் எங்களில் பலர் வாழ்வில் முதன்முறையாக உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தோம். ஒவ்வொரு யூன் 5 ஆம் திகதியும் எங்களை வரிசையில் நிறுத்தி மரக்கன்று நடச் செய்கிறீர்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு நடுகிறோம். ஆவணி வெயிலில் அவை கருகும்போது தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மறுவருடம் அதே குழியில் மீண்டும் நடுகிறோம். எங்கள் இளமை இப்படிப் படம் எடுப்பதற்காகச் செலவாவது எங்களுக்கு வலிக்கிறது. வேலை தாருங்கள், செய்கிறோம். மண்வெட்டியும் ஆட்களும் எங்களிடம் உண்டு. பாலத்துக்கான பாதீடும் அனுமதியும் உங்களிடம்தான் உண்டு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த ஒரு வரிப் பதிலை மீளப் பெற்று, சபையின் அடுத்த அமர்வில் இக்கோரிக்கையை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்கிறோம். பழைய வாய்க்கால்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் மூவர் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள். எங்களோடு நடந்து வந்து வழி காட்டவும் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெயில் ஆகாது. ஆதலால் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரக்கூடிய ஒரு நாளைக் குறித்து, காலை ஆறரை மணிக்கு அந்தப் பழைய பாலம் இருந்த இடத்துக்கு அவரை அனுப்பி வையுங்கள். ஐப்பசி பிறக்கப் பத்து வாரங்கள் இருக்கின்றன.

இங்ஙனம்,
குளத்தின் கீழ்ப்புற இளைஞர்களும் குடியிருப்பாளர்களும்